தனியே விடப்பட்ட நாய்

ராஜபாளையம் நாயின் உருவத்தைத் தாங்கி 2005-ஆம் ஆண்டில் தபால் தலை வெளியாயிற்று. சுதேசி நாய்க்கு அது தக்க மரியாதைதான். ஆனால் அதன் இனத்தாரான சிப்பிப்பாறை நாயை மதுரை நகரத்து மாடி வீட்டில் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்விட்டால் என்ன ஆகும்? மாலையில் தலையணை பஞ்சாய்ப் பறந்திருக்கும், கதவெல்லாம் நகக்கீறலாயிருக்கும்.

உடனே எஜமானர் பிரம்பை எடுக்கிறார். வீண் வேலை! காலையில் செய்ததற்கு மாலையில் தண்டனை என்று நாய் அறியாது. 'எஜமானர் வந்தால் அடி' என்பதையே கற்றுக்கொள்ளும். அதன் கலக்கம் அதிகமாகுமேயன்றிக் குறையாது.

கரிசல் வெளியில் முயலைத் துரத்துவதற்கென்றே வளர்ந்த ஜாதி அது. சும்மா கிடப்பது அதற்குச் சிறைவாசம். தனிமைப் பயமும் சேர்ந்தால் கதவைப் பிறாண்டாமல் என்ன செய்யும்?

ஆகையால் வெயில் ஏறுமுன் அதை நன்றாக ஓடவிடுங்கள். முதலில் 5 நிமிஷம், அது அமைதியாயிருந்தால் 10 நிமிஷம் என்று தனிமையைச் சிறுகச் சிறுகப் பழக்குங்கள். கடித்து விளையாட உறுதியான பொருள் ஒன்று கொடுங்கள். போகும்போதும் வரும்போதும் ஆர்ப்பாட்டம் வேண்டாம்.

நாள் முழுதும் வீடு பூட்டியே கிடக்குமானால், நாய் வளர்க்காதிருப்பதே ஜீவகாருண்யம். சுதேசி அபிமானம் தபால் தலையோடு நின்றுவிடலாகாது.