மூச்சுள்ளவரை தொண்டு

கிண்ணியாவில் வாழ்வோருள் மிகப் பெரும்பாலோர் இஸ்லாமியர். இங்கிருந்துகொண்டு ஒரு கிறித்தவத் தொண்டரைப் போற்றுவானேன் என்று கேட்பாரும் உளர். அத்தொண்டர் உழைத்தது தமிழில். ஆதலின் தமிழ் பேசுவோர் யாவரும் அவருக்குக் கடன்பட்டவரே.

அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு அமையாது, தமிழைக் கற்றுத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலான நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. மக்களைத் தம் சமயத்திற்கு அழைப்பதும் அவர் நோக்கமே. அதனை மறைத்தல் வேண்டா. ஆயினும், நோயின் பெயரையும் மருந்தின் இயல்பையும் அவர் தமிழில் எழுதியது எம்மதத்தார்க்கும் பயன்பட்டது.

உடல் நலிந்து 1873இல் தாயகம் திரும்பினார். இனி ஓய்வே தகும் என்று அவர் இருந்திருந்தால் யார் குறை கூறுவர்? அவரோ அங்கிருந்தும் தமிழ் மருத்துவ நூல்களுக்காகவே உழைத்தார், 1884இல் மறைந்தார். தமிழர்க்கான மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையில் பொறிக்கவே விரும்பினார்.

முழுமனத் தொண்டுக்கு அடையாளம் உருக்கமான சொற்கள் அல்ல. எவரும் வற்புறுத்தாதபோதும் எடுத்த வேலையை விடாதிருத்தலே என்பது என் துணிபு. இன்றும் இலங்கையில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. தம் நோய் இன்னதென்று விளங்காமலே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியோரை நான் கண்டிருக்கிறேன். கிறீன் விட்ட இடத்திலிருந்து தொடர நம் ஆசிரியரும் மாணவரும் முன்வர வேண்டாமா?