ஓடிபி கேட்காத திருட்டு

விளையாட்டுக் கணக்கு பறிபோனது என்று பிள்ளை வந்து நின்றால், "பாஸ்வேர்டை யாரிடம் சொன்னாய்?" என்று அதட்டுகிறோம். யாரிடமும் சொல்லாமலேயே போயிருக்கலாம். உள்ளே நுழைந்தவர் இவர்தான் என்று பிரௌசர் குறித்துவைக்கும் குக்கீயை வைரஸ் மூலம் அள்ளிக்கொண்டால் திருடனுக்குப் போதும். பெரும்பாலும் ஓடிபிகூடக் கேட்காது. ரோப்லாக்ஸ் விளையாட்டுத் தளத்தின் குக்கீ, "இதை யாருக்கும் தராதீர்கள்" என்ற எச்சரிக்கையோடுதான் தொடங்கும். வைரஸ் அதையெல்லாம் படித்துக்கொண்டா இருக்கும்? 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் மாட்களுக்குள் (கூடுதல் நிரல்களுக்குள்) புகுந்த ஃபிராக்சரைசர் என்ற வைரஸ் இப்படித்தான் வாரிச் சுருட்டியது. அவை சந்துக்கடைச் சரக்கல்ல, கர்ஸ்ஃபோர்ஜ் என்ற பெயர்பெற்ற தளத்தில் கிடைத்தவை. 2025 பிப்ரவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையிலேயே 'பைரேட்ஃபை' என்ற இலவச விளையாட்டு வைரஸோடு வந்தது. அதை நீக்கிய வால்வ் நிறுவனம் (ஸ்டீமை நடத்துவது), இறக்கியவர்கள் கணினியை முழுக்க ஃபார்மட் செய்வது பற்றியும் யோசிக்கலாம் என்று தகவல் அனுப்பியது. சரக்கு அவர்கள் கடையில் இருந்தது, வீட்டைக் கழுவுவது மட்டும் நம் வேலையாம்! மாதம் சுமார் 77,000 ஸ்டீம் கணக்குகள் பறிபோவதாக 2015லேயே ஒப்புக்கொண்ட நிறுவனம் இது. சோதித்து அடுக்க வேண்டிய பொறுப்பு முதலில் கடைக்காரருடையது என்பதே என் கட்சி. அதுவரை, அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியிலேயே பையன் மாட்களை இறக்குவதையாவது நிறுத்தலாம். கணக்கு போய்விட்டால், வைரஸ் இல்லாத வேறொரு கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானையும் கையோடு அழுத்திவிட வேண்டும்.