மியூசியத்துக்கு எவ்வளவு குளிர் வேண்டும்?

ஊரிலிருந்து உறவினர் வந்தால் தில்லித் தமிழர்களாகிய நாம் அழைத்துச் செல்லும் இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. குதுப்மினார், செங்கோட்டை, ராஜ்காட்; வெயில் தாங்கவில்லையென்றால் ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகம். 1960 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் நம் புதுக்கோட்டைச் சீமைத் திருவரங்குளத்து நடராஜரும் இருக்கிறார். அவரைப் போலப் பிழைப்புக்காக அல்லாவிட்டாலும், ஊரை விட்டு வந்து தலைநகரில் குடியேறிய செப்புத் திருமேனிகள் இன்னும் பல. ஆகவே நாட்டின் மியூசியங்கள் எப்படிப் பராமரிக்கப்படுகின்றன என்பதில் நமக்கும் அக்கறை இருக்க வேண்டும்.

இன்று நான் எழுப்ப விரும்பும் கேள்வி ஒன்றுதான். மியூசியங்களில் இரைந்துகொண்டிருக்கும் குளிர்சாதனம் யாருக்காக? பொருளுக்காகவா, பார்க்க வரும் நமக்காகவா?

"பழைய பொருள் அல்லவா, குளிரில் வைத்தால்தான் கெடாது" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது பாதி உண்மை. கருங்கல் சிலைக்கு ஏ.ஸி. தேவையில்லை, கோயில் பிராகாரத்தில் ஆயிரம் ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கி நின்றதுதான் அது. செப்புச் சிலைக்குச் சூடு பகையல்ல, ஈரமே பகை. மண்ணில் நெடுங்காலம் புதைந்திருந்து எடுக்கப்பட்ட சிலைகளில் குளோரைடு உப்பு தங்கியிருக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது விழித்துக்கொண்டு, பச்சைப் பொடியாய்ப் பூத்து உலோகத்தை அரிக்கத் தொடங்கும். ஓலைச்சுவடி, துணி, காகித ஓவியம் ஆகியவைதாம் உண்மையில் நொய்ந்தவை. அவற்றுக்கும் கடுங்குளிரை விட முக்கியம், ஈரப்பதம் திடீர் திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பது.

இங்கேதான் நம் நாட்டின் பல மியூசியங்களில் ஒரு விபரீதம் நடக்கிறது. காலை பத்து மணிக்கு ஏ.ஸி. போடுகிறார்கள், மாலையில் அலுவலகம் முடிந்ததும் அணைத்துவிடுகிறார்கள். மழைக்காலத்து இரவில் வெளியிலிருந்து புழுக்கமான காற்று, குளிர்ந்து கிடக்கும் கூடத்துக்குள் புகுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த செம்பில் நீர் முத்துமுத்தாய்க் கோப்பது போல, சில்லிட்ட பொருளின் மேல் ஈரம் படிகிறது. மறுநாள் காலை மீண்டும் உலர்த்தல். மரமும் ஓலையும் தினமும் ஒருமுறை உப்பிச் சுருங்குகின்றன. இதைவிட ஏ.ஸி.யே இல்லாமல் தடித்த சுவருக்குள் அமைதியாக இருப்பது மேல். மின்சாரமும் செலவு, பொருளுக்கும் சேதம்!

வெப்பம் சுமார் 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மேல்நாட்டிலிருந்துதான். லண்டன் நேஷனல் காலரியின் ஓவியங்கள் இரண்டாம் உலகப் போரின்போது வேல்ஸ் பகுதியில் ஒரு கல்சுரங்கத்துக்குள் ஒளித்துவைக்கப்பட்டன. மாறாத தட்பவெப்பத்தில் அவை நலமாக இருந்தன. அந்த அனுபவத்தால் போருக்குப் பின் காலரியில் குளிர்சாதனம் பொருத்தத் தொடங்கினார்கள். அங்கே பணியாற்றிய விஞ்ஞானி காரி தாம்சன் 1978-இல் எழுதிய நூல், உலக மியூசியங்களுக்கெல்லாம் வேதமாயிற்று. ஆனால் ஈரப்பதம் நாலைந்து சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, பொருளின் தேவையை ஆராய்ந்து சொன்னது என்பதைவிட, இயந்திரத்தால் எவ்வளவு முடியும் என்று பார்த்துச் சொன்னதே என்று அவரே அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வைகாசியில் உதடு வெடிக்கும் வறட்சியும் ஆடியில் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் புழுக்கமும் உள்ள தில்லியில், லண்டன் கணக்கை இரவும் பகலும் பிடித்துவைக்க முயல்வது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

அந்தப் புலியே இன்று கோட்டை அழித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உலகின் பெரிய மியூசியங்களின் தலைவர்கள் கூடும் பீஸோ குழு, பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி வரை வெப்பமும் 40 முதல் 60 சதவீதம் வரை ஈரப்பதமும் போதும் என்று விதிகளைத் தளர்த்தியது. பொருள் பாதுகாப்பு வல்லுநர்களின் சர்வதேச அமைப்புகளும் 2014-இல் கூடி, அந்தந்த ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்றபடி மியூசியங்கள் நடந்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தன. மின்சாரச் செலவும் புவி வெப்பமும்தான் காரணம். நாம் மட்டும் பழைய சூட்டுக்கோலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

மாற்று வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. கல்யாணக் காஞ்சிப் பட்டைக் காப்பாற்ற எந்தப் பாட்டியும் வீடு முழுவதையும் குளிரவைக்கவில்லை. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை பிரித்து மடிப்பை மாற்றிவைத்தாள். கொலு பொம்மைகளும் அப்படித்தான் பரணில் பிழைத்தன. கூடத்தைக் குளிர்விக்காமல் பெட்டியைக் காப்பது என்ற இதே தத்துவத்தைத்தான் மியூசிய வல்லுநர்களும் சொல்கிறார்கள். காற்றுப் புகாத கண்ணாடிப் பேழைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை வைத்தால், வெளியே கூடம் 28 டிகிரி இருந்தாலும் உள்ளே செப்புச் சிலை சுகமாக இருக்கும்.

விளக்கும் அப்படியே. துணிக்கும் சுவடிக்கும் 50 லக்ஸ் வெளிச்சமே வரம்பு. ஒளிபட்ட சாயம் மங்கினால் மங்கினதுதான், மீளாது. ஹாலஜன் விளக்கு போட்டால் அது கக்கும் சூட்டை வெளியேற்ற ஏ.ஸி. வேறு உழைக்க வேண்டும். எல்.இ.டி. விளக்கு பொருத்தி, ஆள் வரும்போது மட்டும் எரியும்படி செய்தால் இரண்டு செலவும் குறையும், பொருளுக்கும் ஆயுள் கூடும்.

வெயிலில் வாடி வரும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் குளிர்ச்சி வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏ.ஸி.யே கூடாது என்பது என் வாதமல்ல. வீட்டு ஏ.ஸி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைய வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் அரசே விதி செய்திருக்கிறது. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் வாரியத்தின் கணக்கு. 26 டிகிரியும் தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும் மனிதருக்குப் போதும். பெரும்பகுதிச் சேகரிப்பு கிடங்கில்தான் கிடக்கிறது. அங்கே நொய்ந்த பொருள்களை ஒரே அறையில் சேர்த்து, அந்த அறையை மட்டும் இரவும் பகலும் சீராக வைத்தால் போதும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ரைசினா குன்றின் வடக்கு, தெற்கு பிளாக்குகளில் மாபெரும் தேசிய அருங்காட்சியகம் ஒன்றை அமைக்கும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றுடன் இதற்கு ஒப்பந்தமும் ஆயிற்று. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த அந்தக் கட்டடங்களின் தடித்த சுவர்களும் தாழ்வாரங்களும் முற்றங்களும் ஏ.ஸி. இல்லாத காலத்தில் தில்லி வெயிலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்திக்கொள்வதா, அடைத்து மூடி இயந்திரத்தை நம்புவதா என்று இன்று எடுக்கும் முடிவுதான், ஐம்பது ஆண்டுகளுக்கு மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும். 2024 ஜூன் 19 அன்று தில்லியின் உச்ச மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. மின்கட்டணத்துக்குப் போகும் பணம், சுவடியைச் செப்பனிடும் கைகளுக்குக் கிடைக்காமல் போகும் பணமும்கூட.

புதிய மியூசியம் தன் ஆண்டு மின்செலவைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்று நாம் கோரலாம். தமிழ்ச் சங்கங்கள் இதை ஒரு மனுவாகவே எழுதி அனுப்பலாம். பார்வையாளர் புத்தகத்தில் "ஏ.ஸி. போதவில்லை" என்று எழுதும் பேனாவால், "இந்தச் செப்புச் சிலைக்கு ஈரம் காக்கும் பேழை எங்கே?" என்றும் ஒரு வரி எழுதலாமே!