எக்ஸிக்யூட்டிவ்னா யாரு?

பி.காம் கடைசி வருஷம் வந்துட்டா போதும், தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்துப் பசங்க எல்லாம் சிலபஸ்ல இல்லாத ஒரு பாடத்தை மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சுடுவோம். அசோசியேட், அனலிஸ்ட், எக்ஸிக்யூட்டிவ், டீம் லீட்... சோழிங்கநல்லூர், சிறுசேரி கம்பெனிகள்ல இருக்கற பதவிப் பெயர்கள்.

அகராதியைப் பார்த்துப் படிச்சா குழப்பம்தான் மிஞ்சும். அசோசியேட்னா கூட்டாளியாம். ஆனா லாபத்துல பங்கு கேட்டுப் பாருங்க :-) எக்ஸிக்யூட்டிவ்னா பெரிய நிர்வாகியாம். நம்ம ஊர்ல நாள் முழுக்க போன்ல பேசற வேலைக்கும் அதே பேருதான்.

இது இன்னைக்கு நேத்து வந்த கதை இல்லீங்க. 1744-ல ராபர்ட் கிளைவ் சென்னைக்கு வந்தப்போ அவருக்கு 'ரைட்டர்' வேலை. எழுத்தாளர் இல்லை, கம்பெனி குமாஸ்தா! போலீஸ் ஸ்டேஷன்ல இன்னும் 'ரைட்டர்' இருக்கார். அவரும் கதை எழுதறவர் இல்லை.

சரி, பேர் எப்படி இருந்தா என்னன்னு விட்டுட முடியுமா? முடியாது. 2015-ல சென்னையில ஒருத்தரை டிசிஎஸ் வேலையை விட்டு நீக்கியது. தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு மேனேஜர் வேலை பார்க்கறவங்களுக்குக் கிடையாது. அவரும் மேனேஜர் வகைதான்னு கம்பெனி வாதாடியது. ஏழு வருஷம் கேஸ் நடந்தது. அவர் செஞ்சது திறன் சார்ந்த தொழிலாளி வேலைதான்னு சொல்லி, மறுபடி வேலையில சேர்க்கச் சொல்லி 2022-ல தொழிலாளர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதாவது, அட்டையில என்ன எழுதியிருக்குங்கறதை விட, உட்கார்ந்து என்ன வேலை செஞ்சார்ங்கறதுதான் கணக்கு.

அதனால என் கருத்து இதுதான். பதவிப் பெயரோட உச்சரிப்பைப் படிக்கறதோட நிறுத்தாம, அதுக்குப் பின்னாடி இருக்கற வேலையைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். தினமும் என்ன செய்யணும்? யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்? எனக்குக் கீழ யாராவது இருக்காங்களா? அவங்க லீவு கேட்டா கொடுக்கற அதிகாரம் எனக்கு உண்டா? இன்டர்வியூவுல கடைசியா "எனி கொஸ்டின்ஸ்?"னு கேப்பாங்களே, அப்போ இதைக் கேளுங்க. உடைஞ்ச இங்கிலீஷ்ல கேட்டாலும் பரவாயில்லை.

கிடைச்ச பதில்களை ஆஃபர் லெட்டரோட சேர்த்துத் தேதி போட்டு எழுதி வெச்சுக்கோங்க. சொந்தக்காரங்களுக்குச் சொல்லப் பதவிப் பேர் போதும். நமக்கு வேலை என்னன்னு தெரியணும்.