ரெஸ்ட் எடுத்தால் குதிகால் சரியாகிவிடுமா?

காலையில் எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே சுருக்கென்று ஒரு வலி. கொஞ்சம் நடந்தால் போய்விடுகிறது. ஓட ஆரம்பித்தால் முதல் கிலோமீட்டரில் வலி, பிறகு ஒன்றுமில்லை. மறுநாள் காலை மறுபடியும் சுருக். ஓடுகிற பலருக்குப் பழக்கமான கதைதான். இதற்கு ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியமும் பழக்கமானதே: "ஒரு மாசம் ரெஸ்ட் எடு, வலி மாத்திரை போடு, காலை நல்லா ஸ்ட்ரெட்ச் பண்ணு."

மூன்றும் சேர்ந்தாலும் பாதி வைத்தியம்கூட ஆகாது!

கெண்டைக்காலில் இரண்டு முக்கியமான சதைகள். வெளியே தெரியும் காஸ்ட்ராக்னீமியஸ், அதற்கு அடியில் சோலியஸ். இரண்டும் கீழே சேர்ந்து அக்கிலிஸ் என்ற தடித்த நாணாகி குதிகால் எலும்பில் ஒட்டுகின்றன. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் இதன்மேல் விழுகிறது. தூரத்தையோ வேகத்தையோ திடீரென்று கூட்டினால், நாண் தாங்கும் அளவைப் பாரம் தாண்டிவிடுகிறது. வலி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ரெஸ்ட் எடுத்தால் வலி குறையும், உண்மைதான். கூடவே சதையின் பலமும் குறையும். ஒரு மாதம் கழித்து, பலம் குறைந்த காலில் அதே பழைய தூரம். வலி திரும்பாமல் என்ன செய்யும்? இப்படி மூன்று தடவை நடந்தால் "எனக்கு ஓட்டம் ஒத்துக்காது" என்று ஷூவைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது ஓட்டம் அல்ல, வைத்தியம்!

மாத்திரை? நாள்பட்ட அக்கிலிஸ் வலியில் முக்கியமான கோளாறு அழற்சி அல்ல, நாணின் இழைகள் ஒழுங்கு குலைவது. அதனால்தான் டெண்டினைட்டிஸ் என்ற பழைய பெயரை விட்டு டெண்டினோபதி என்கிறார்கள். மாத்திரை வலியை மறைக்கும், இழையைச் சீராக்காது. ஸ்டீராய்டு ஊசியிலோ நாண் அறுந்துபோகும் அபாயமே உண்டு.

பிறகு எதுதான் வைத்தியம்? பாரம்தான். அளவாக, படிப்படியாக.

1998-ல் ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனின் குழு, நாள்பட்ட வலியோடு இருந்த 15 பேருக்குக் கொடுத்த பயிற்சி மிக எளிது. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலிக்கும் காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏறுவதற்கு மற்றக் கால். முட்டியை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, சோலியஸுக்காக முட்டியை மடக்கி இன்னொரு 3 சுற்று. தினம் 2 வேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை! வலி போனதும் முதுகுப் பையில் எடை. 12 வாரம் முடிந்தபோது 15 பேரும் பழையபடி ஓடினார்கள்.

15 பேர் சிறிய கூட்டம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் இவ்வளவு பலன் கிடைக்கவில்லை. 180 என்பது மந்திர எண்ணும் அல்ல. 2015-ல் வெளியான டென்மார்க் ஆய்வில், வாரம் 3 நாள் கனமான எடையை மெதுவாகத் தூக்கியவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். அதாவது எந்தப் பயிற்சி என்பதைவிட, நாணுக்கு வேலை கொடுப்பதே முக்கியம். ஓட்டத்தை முழுக்க நிறுத்தவும் வேண்டியதில்லை. 10-க்கு 5-ஐத் தாண்டாத, மறுநாள் காலைக்குள் அடங்குகிற வலியோடு ஓட்டத்தைத் தொடர்ந்தவர்கள், ஆறு வாரம் நிறுத்தியவர்களைவிட மோசமாகவில்லை என்று 2007-ல் இன்னொரு ஸ்வீடன் ஆய்வு காட்டியது.

விதிவிலக்குகள் உண்டு. நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையோடு நிறுத்த வேண்டும். கெண்டைக்கால் சதை திடீரென்று பிடித்துக் கிழிந்திருந்தால் முதல் சில நாள் ஓய்வு அவசியம். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் இருந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் உடனே டாக்டர்தான், படிக்கட்டு அல்ல.

மற்றவர்களுக்குத் தேவை ஒரு படிக்கட்டும் 12 வாரப் பொறுமையும். மாத்திரையும் ரெஸ்ட்டும் சொல்வது சுலபம், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிஷச் சோம்பலுக்கு விலை, ஒருவரின் ஓட்டமே.