கரைக்கு வந்த பிறகுதான் பாதி வேலை



விருதுநகர் மாவட்டத்துல உட்கார்ந்துகிட்டு மீன்பிடி படகைப் பத்தி எழுதினா சிரிக்கத்தான் செய்வீங்க. நமக்கு ஏது கடல்? 1985-க்கு முன்னாடி நாமும் ராமநாதபுரம் மாவட்டம்தான், அந்தக் கணக்குல ஒரு காலத்துல நமக்கும் கடல் இருந்துச்சுன்னு பெருமைப்பட்டுக்கலாம் :-) இப்போ மீன் மார்க்கெட்டுக்கு வர்ற ஐஸ் பெட்டிதான் நம்ம கடல்.

ஆனா விஷயம் கடலைப் பத்தி மட்டும் இல்லை. வேலை முடிஞ்ச பிறகு செய்ய வேண்டிய வேலையைப் பத்தி. அதாவது கழுவுறது, துடைக்கிறது, காய வைக்கிறது. இதை யாருமே வேலைன்னு கணக்குல சேர்க்கிறதில்லை. படகிலும் சரி, நம்ம பட்டாசு ஷெட்டிலும் சரி. சேர்க்கணும் என்பதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதல்ல பழைய கதை. கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியா மணல்ல காய போடுவாங்க. ஊறின மரம் கனக்கும், மிதக்காது, சீக்கிரம் உளுத்துப் போகும். அடுத்த நாள் மறுபடி கட்டிட்டுப் போகணும். பருத்தி வலை இருந்த காலத்துல வலையையும் தினமும் காய வைக்கணும், அப்பப்போ மரப்பட்டைச் சாயத்துல போட்டு எடுக்கணும். இல்லைன்னா மக்கிப் போகும். அதாவது அந்தக் காலத்துப் பொருள் மனுஷனைச் சும்மா விடாது. கவனிக்கலைன்னா உடனே தண்டனை.

நைலான் வலை, ஃபைபர் படகு, இன்ஜின் எல்லாம் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போச்சு. இன்னைக்குக் கழுவாம விட்டாலும் நாளைக்குப் படகு ஓடும். ஒரு வாரம் விட்டாலும் ஓடும். அங்கேதான் வம்பே. புதுப் பொருள் நம்மை மன்னிக்கிற மாதிரி நடிச்சு, பிறகு எல்லாத்தையும் வட்டியோட சேர்த்து வாங்கிடுது.

எப்படின்னு பார்ப்போம். கடல் தண்ணி காய்ஞ்சா உப்பு நிக்கும். உப்பு காற்றுல இருக்கிற ஈரத்தை இழுக்கும். அதனால படகு கரையில சும்மா நின்னாலும் இரும்பு துருப்பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும். கடல் தண்ணியை இழுத்துச் சூட்டைத் தணிக்கிற இன்ஜினா இருந்தா இன்னும் மோசம். உள்ளே இருக்கிற சின்னச் சின்ன வழிகள்ல உப்பு படிஞ்சு அடைச்சுக்கும், இன்ஜின் சூடேறும். மருந்து ரொம்ப எளிது. திரும்பி வந்ததும் பத்து நிமிஷம் போல நல்ல தண்ணியை உள்ளே ஓட விடணும். அவ்வளவுதான்.

ஃபைபர் படகுக்கு வெயில் எதிரி. மேல் பூச்சு வெளுத்து மாவு மாதிரி உதிரும். கீறல் வழியா தண்ணி உள்ளே இறங்கினா படகு கனத்துப் போகும். நல்ல தண்ணியில கழுவி, கீறலை அப்பப்போ அடைச்சு, தார்ப்பாயோ தென்னங்கீத்தோ மூடி வைக்கணும். மர விசைப்படகை ஒவ்வொரு தடவையும் கரையில ஏத்த முடியாது. அதுல தினசரி வேலை வேற: தளத்தைக் கழுவணும், அடியில தேங்கின தண்ணியை இறைக்கணும், இழுவைக் கம்பியில உப்பு போகக் கழுவி கிரீஸ் தடவணும், மீன் வைக்கிற அறையைச் சளியும் ரத்தமும் இல்லாம தேய்க்கணும். அந்த அறையில நேத்து மீனோட கசடு இருந்தா, இன்னைக்குப் போடுற ஐஸும் கெட்டுச்சு, மீனும் கெட்டுச்சு, விலையும் போச்சு.

அடிப்பகுதியில ஒட்டுற கொட்டலசு, பாசி, மரத்தைத் துளைக்கிற புழு இதுக்கெல்லாம் வருஷத்துல ஒரு தடவைதான் வைத்தியம். நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்னாடி 45 நாள், இப்போ 61 நாள். மீன் இனம் பெருகணும்னு கொண்டு வந்ததுதான், ஆனா படகு வேலைக்கும் அதுதான் சீசன். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் படகுகளைக் கரையில ஏத்தி சுரண்டி, பலகை மாத்தி, பெயின்ட் அடிப்பாங்க. கொடுமை என்னன்னா, வருமானமே இல்லாத ரெண்டு மாசத்துலதான் வருஷத்தோட பெரிய பில் வரும். கடன் வாங்காம எத்தனை பேரால சமாளிக்க முடியும்?

இப்போ நம்ம பாடத்துக்கு வருவோம் (பி.காம் மக்களே, கவனிங்க). தேய்மானம் எப்படிப் போடுறோம்? விலையிலிருந்து கழிவு மதிப்பைக் கழிச்சு, ஆயுளால வகுக்கிறோம். பரீட்சைக் கேள்வியில ஆயுள் 10 வருஷம்னு அவங்களே கொடுத்துடுவாங்க. அந்த 10 எங்கேயிருந்து வந்துச்சுன்னு நாம கேட்டதே இல்லை. அது வானத்துலேருந்து விழல, தினமும் சாயங்காலம் யாரோ கழுவுறதாலதான் வருது.

ஒரு கற்பனைக் கணக்கு. படகும் இன்ஜினும் சேர்த்து 5 லட்சம், கழிவு மதிப்பு 50 ஆயிரம். ஆயுள் 10 வருஷம்னா வருஷத் தேய்மானம் 45,000. கவனிக்காம விட்டு 6 வருஷத்துல முடிஞ்சா 75,000. வித்தியாசம் 30,000. வருஷத்துக்கு 200 நாள் கடலுக்குப் போனா, ஒரு நாளைக்கு 150 ரூபாய். அதாவது கரை சேர்ந்ததும் கழுவுறதுக்குத் தண்ணி, ஆள் கூலின்னு 150 ரூபாய் வரை செலவு பண்ணினாலும் நஷ்டமில்லை. டீசல் மிச்சம், மீன் விலை, ரிப்பேர் செலவு எல்லாம் இதுல சேர்க்கவே இல்லை.

அப்புறம் ஏன் செய்யறதில்லை? சோம்பேறித்தனம்னு சொல்றவங்க விடியற்காலையில கிளம்பி ராத்திரி கரை சேர்ற ஆள் கூட ஒரு நாள் போய்ப் பார்க்கணும். உண்மையான காரணம் கூலி முறை. விசைப்படகுல பெரும்பாலும் பங்கு முறை. மீன் வித்த பணத்துல டீசல், ஐஸ் செலவைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பங்கு போடுறாங்க. மீன் பிடிச்சதுக்குப் பங்கு உண்டு, கழுவினதுக்கு எதுவும் இல்லை. இன்ஜின் பத்து வருஷம் உழைச்சா லாபம் ஓனருக்கு. தூக்கம் போறது தொழிலாளிக்கு. யார் மனசார செய்வாங்க?

ஆனா இன்ஜின் நடுக்கடல்ல நின்னா ஆபத்து ஓனருக்கு மட்டுமில்லை, படகுல இருக்கிற எல்லாருக்கும்தான். பாக் நீரிணைப் பக்கம் இன்ஜின் நின்ன படகு காத்தும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் போகும். 1974-ல போட்ட எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போயிட்டா கைது, படகு பறிமுதல். ஒரு பத்து நிமிஷத் தண்ணிக்கு எவ்வளவு பெரிய விலை பாருங்க.

இதைப் படிக்கும்போது நம்ம ஊர் ஷெட் ஞாபகம் வரலையா? எனக்கு வந்துச்சு. பட்டாசு வேலை பல இடத்துல பீஸ் ரேட்தான். எத்தனை குரோஸ் முடிச்சோமோ அதுக்குத்தான் காசு. தரையைத் துடைக்கிறதுக்கும், சிந்தின மருந்தை வாரி எடுக்கிறதுக்கும், மிச்ச மருந்தை ராத்திரி தங்க விடாம அப்புறப்படுத்துறதுக்கும் காசு கிடையாது. அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம் பட்டா தானாவே சூடேறும். மண்ணும் கல்லும் கலந்த மருந்து உராய்ஞ்சா தீப்பிடிக்கும். அதனாலதான் 2008 வெடிபொருள் விதிகள்ல ஷெட் உள்ளே மண் துகள் இல்லாம சுத்தமா இருக்கணும்னே எழுதி வச்சிருக்காங்க. படகு ஒரு வருஷம் மன்னிக்கும். மருந்து ஒரு ராத்திரி கூட மன்னிக்காது.

2012-ல முதலிபட்டி, 2021-ல அச்சன்குளம்... இதெல்லாம் சுத்தம் செய்யாததால மட்டும் நடந்துச்சுன்னு நான் சொல்ல வரலை. அளவுக்கு மீறின ஆட்கள், உள்குத்தகை, அவசரம்னு நிறைய இருக்கு. ஆனா எல்லாத்துக்கும் அடியில ஒரே மனசுதான்: சரக்கு வந்தா காசு, சுத்தத்துக்குக் காசு இல்லை.

சரி, என்னதான் பண்ணலாம்? எனக்குத் தோணுறது மூணு.

ஒண்ணு, படகு கழுவுற செலவை டீசல், ஐஸ் மாதிரியே பொதுச் செலவுல சேர்க்கணும். பங்கு போடுறதுக்கு முன்னாடியே எடுத்து வைக்கணும். கழுவுறவர் கைக்கு அன்னைக்கே போகணும்.

ரெண்டு, துறைமுகத்துல நல்ல தண்ணிக் குழாய். எண்ணெயும் மீன் கழிவும் மிதக்கிற துறைமுகத் தண்ணியை மொண்டு படகைக் கழுவுறது, கழுவாம இருக்கிறதை விட மோசம். இது மீனவர் கையில இல்லை, அரசு செய்ய வேண்டியது.

மூணு, நம்ம ஊர்ல கடைசி அரை மணி நேரத்தைப் பீஸ் ரேட்டுலேருந்து பிரிச்சு, நாள் கூலி கணக்குல கொடுக்கணும். துடைப்பம் பிடிச்சா நஷ்டம்னு எந்தத் தொழிலாளிக்கும் தோணக்கூடாது.

"இதெல்லாம் செலவு தம்பி"னு பெரியவங்க சொல்வாங்க. செலவுதான். ஆனா எழுதாம விட்ட செலவு இல்லாமப் போயிடாது, வேற யாரோ ஒருத்தர் கணக்குல போய் உட்கார்ந்துக்கும். அந்த ஒருத்தர் பெரும்பாலும் கணக்கே எழுதத் தெரியாதவரா இருக்கார்.