மேமோகிராம் ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டிய ஒரு வரி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்தவர் நான்சி கேப்பெல்லோ. ஆண்டு தவறாமல் மேமோகிராம் எடுத்துக்கொண்டவர். ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட் ‘நார்மல்’தான். 2004-ல் அப்படி ஒரு நார்மல் ரிப்போர்ட் வந்த சில வாரங்களிலேயே, டாக்டர் தொட்டுப் பரிசோதித்தபோது மார்பகத்தில் ஏதோ தட்டுப்பட்டது. மறுபடி எடுத்த மேமோகிராமிலும் ஒன்றும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்டில்தான் கட்டி தெரிந்தது. மூன்றாம் நிலைப் புற்றுநோய். நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது.

ஆண்டுதோறும் பார்த்தும் ஏன் தெரியவில்லை என்று கேட்டபோதுதான், தன் மார்பகம் அடர்த்தியானது என்பதே அவருக்குத் தெரியவந்தது. அதுவரை யாரும் சொல்லவில்லை.

அடர்த்தி என்றால் என்ன?

மார்பகத்தில் பால் சுரப்பிகள், அவற்றைத் தாங்கும் நார்த்திசு, கொழுப்பு மூன்றும் உண்டு. மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகவும், மற்ற இரண்டும் வெள்ளையாகவும் தெரியும். புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான். வெள்ளைப் பகுதி அதிகமிருந்தால் அது அடர்த்தியான மார்பகம். வெள்ளை வேட்டியில் ஒட்டிய பஞ்சைத் தேடுவது போல, அதற்குள் சிறு கட்டியைக் கண்டுபிடிப்பது சிரமம்.

மார்பகத்தின் அளவை வைத்தோ, தொட்டுப் பார்த்தோ அடர்த்தியைச் சொல்ல முடியாது. மேமோகிராமில்தான் தெரியும். ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிப்பார்கள். சி, டி இரண்டும் அடர்த்தியானவை. இது நோய் அல்ல. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இப்படித்தான்.

ஆனால், கட்டியை மறைப்பதோடு விஷயம் முடிவதில்லை. அடர்த்தியான பகுதி 75 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு, மிகக் குறைவாக உள்ளவர்களைவிட மார்பகப் புற்றுநோய் ஆபத்து நான்கு மடங்குக்கும் அதிகம்.

பரம்பரையாக வருவதா?

பெரும்பாலும் ஆமாம். ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் இரட்டைச் சகோதரிகளிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரே மாதிரி இரட்டையர்களின் அடர்த்தி, மற்ற இரட்டையர்களைவிட அதிகமாக ஒத்திருந்தது. பெண்ணுக்குப் பெண் அடர்த்தி வேறுபடுவதில் சுமார் 60 சதவீதத்துக்கு மரபணுக்களே காரணம் என்று அதில் தெரிந்தது. ஒரே மரபணு அல்ல, பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் வேலை. அவற்றில் சில, புற்றுநோய் ஆபத்தோடும் தொடர்புள்ளவை.

மற்றபடி வயது, பிரசவம், உடல் எடை, ஹார்மோன் ஆகியவையும் அடர்த்தியை மாற்றும். மாதவிடாய் நின்ற பிறகு அடர்த்தி பொதுவாகக் குறையும். அதற்குப்பின் ஹார்மோன் மாத்திரை எடுத்தால் கூடலாம்.

பலரும் கேள்விப்பட்டிருக்கும் பி.ஆர்.சி.ஏ-1, பி.ஆர்.சி.ஏ-2 மரபணுக்களின் கதை வேறு. இவற்றில் பழுது உள்ள பெண்களில் சுமார் பத்தில் ஏழு பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். அடர்த்தி குறைவாக இருந்தாலும் இந்த ஆபத்து நீங்காது. அப்பா வழியாகவும் இந்தப் பழுது வரலாம். எனவே அத்தை, அப்பாவைப் பெற்ற பாட்டி ஆகியோரின் உடல்நிலையையும் விசாரிக்க வேண்டும். அதேசமயம், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று அலட்சியமும் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு குடும்ப வரலாறே கிடையாது.

என்ன செய்யலாம்?

ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்பதோடு நிறுத்தாமல், அடர்த்தி எந்த வகை என்றும் பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். சி அல்லது டி என்றால், அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ தேவையா என்பதை வயது, குடும்ப வரலாறு பார்த்து அவர் சொல்வார். நெதர்லாந்தில் மிக அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்கு எம்.ஆர்.ஐ.யும் செய்து பார்த்தார்கள். அடுத்த பரிசோதனைக்கு முன்பே தலைகாட்டும் புற்றுநோய், 1,000 பேரில் 5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்ததாக 2019-ல் அறிவித்தார்கள். ஆனால், எம்.ஆர்.ஐ.யில் வீண் பயமுறுத்தல்களும் உண்டு. எல்லோருக்கும் அது தேவைப்படாது.

கட்டி, தோல் சுருக்கம், காம்பில் ரத்தக் கசிவு தெரிந்தால், போன மாத ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

சிகிச்சைக்குப் பிறகு நான்சி சும்மா இருக்கவில்லை. அவரது போராட்டத்தால், அடர்த்தியைப் பெண்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று 2009-ல் கனெக்டிகட்டில் சட்டம் வந்தது. 2018-ல் அவர் இறந்தார். 2024 செப்டம்பரிலிருந்து அமெரிக்கா முழுவதும் அது கட்டாயம். அவருக்குச் சொல்லப்படாத அந்த ஒரு வரி, இன்று அங்கே ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இருக்கிறது.